ஆட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொன்ன அண்ணாச்சி

கோயிலுக்குள் படுத்திருந்த ஆட்டை விரட்டியது என் தப்பு என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய கல் மண்டபம். சாமி சன்னதிக்கு நேர் எதிரே, காலை நீட்டிப் படுத்து, கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. சாமிக்கு முன்னால் ஆடு அப்படிப் படுத்திருந்தால் திருநீறு பூசுகிற மனிதன் என்ன செய்வான்? கையைத் தட்டினேன். அது எழுந்து, படியிறங்கி, கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது.

அண்ணாச்சி கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"ஏலே, அத எதுக்கு விரட்டுன?"

"நீங்க படம் எடுக்கப் போறீகள்ல, அதான்."

"நாம வரும்போது அது அங்கன இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்பப் போய்க் கூட்டிட்டு வா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. துண்டை விரித்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வண்டியில் காலண்டர் லோடு. பரமக்குடியில் கடைக்காரர் பத்து மணியிலிருந்து போன் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் கருவேலங்காட்டுக்குள் "பா, பா" என்று ஆட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு வழியாக அதைக் கண்டுபிடித்துக் காதைப் பிடித்து இழுத்து வரும்போது, தொரட்டிக் கம்போடு ஒரு அம்மா எதிரே வந்து நின்றது.

"எவம்ல அது, பட்டப்பகல்ல என் ஆட்ட ஓட்டிட்டுப் போறது?"

"களவு இல்லம்மா. போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போறேன்."

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. "ஆட்டுக்குப் போட்டாவா? ஏன், அதுக்கு ஆதார் கார்டு எடுக்கப் போறீகளோ?"

கடைசியில் ஆட்டுக்காரம்மாவே வந்து ஆட்டை மண்டபத்தில் ஏற்றிவிட்டது. ஆனால் அது பழைய இடத்தில் படுக்கவில்லை. நாலு தூண் தள்ளிப் போய்ப் படுத்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "சரி, அதுவா மனசு மாறிப் படுத்திருக்கு. இருக்கது இருக்கபடி இருக்கட்டும்" என்று படம் எடுத்தார்.

இதுதான் அண்ணாச்சி. ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் கம்பெனியிலும், கடைகளிலும், என் வீட்டிலும் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

நாங்கள் இரண்டு பேரும் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு வேலை பார்த்தோம். அவர் ஆர்டர் பிடிக்கிறவர். ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் வந்ததும், அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய், எந்த நம்பர் படம், எத்தனை காலண்டர் என்று எழுதி வாங்குவார். ஐப்பசி, கார்த்திகையில் காலண்டர் அச்சாகி வரும்போது, நான் என் லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். சரக்கு சேதமில்லாமல் சேர்ந்ததா என்று பார்க்க அவரும் பக்கத்தில் ஏறிக்கொள்வார். அப்படி எட்டு சீசன்.

அவருக்கு ஒரு கிறுக்கு. போகிற வழியில் எங்கேயாவது ஒரு இடிந்த கோயில் தெரிந்தால் வண்டியை நிறுத்தச் சொல்வார். அருப்புக்கோட்டை, கமுதி, முதுகுளத்தூர் என்று எங்கள் பக்கத்துப் பொட்டல் காடுகளில், பாண்டிய ராஜாக்கள் காலத்தில் கட்டி, பூசையில்லாமல் விழுந்து கிடக்கிற கல் கோயில்கள் நிறைய உண்டு. கோபுரத்தில் அரசமரம் முளைத்து, வேர் சாமிக்கு மேலே தொங்கும். சன்னதியில் வௌவால். நந்திக்கு மூக்கு இருக்காது. அதையெல்லாம் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி வைத்திருக்கிற சின்னக் கேமராவில் எடுத்துக்கொண்டே இருப்பார். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் வண்டி நின்றாலும் கேமராவைத் துண்டிலிருந்து பிரிக்க மாட்டார்.

"அதை எடுக்க ஆயிரம் பேர் இருக்காகலே. நாளைக்கு மளை பேஞ்சா விளப் போறத யாரு எடுப்பா?" என்பார்.

எனக்கு அது ஒப்பவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாஸ்திரம் எல்லாம் படித்ததில்லை. ஆனால் மூளியான சிலையை வீட்டில் வைக்கக் கூடாது, படமாகக்கூட வைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஒரு தீபாவளிக்கு அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்து, பெரிய மனதோடு ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தார். கையில்லாத அம்மன். என் வீட்டுக்காரி வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க இனிப்பு குடுங்க, வாங்கிக்கிறேன். மத்தாப்பு குடுங்க, வாங்கிக்கிறேன். இத உங்க வீட்டு மதினி வாங்கிக்கிட்டாகளா?"

"அவ பொட்டிக்குள்ள வச்சிருக்கா."

"பொட்டிக்கு வெளிய?"

"அவ வைக்க விட மாட்டேங்கா" என்று உள்ளதைச் சொன்னார். அவருக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது.

அதுதான் அவரிடம் பெரிய தொந்தரவே. ஆர்டர் பிடிக்கிறவர் வாயில் தேன் தடவிப் பேச வேண்டும். இவர் ஆல்பத்தை விரித்து, "இந்தச் செகப்பு அச்சுல கொஞ்சம் மங்கித்தான் வரும்" என்று தானாகவே சொல்வார். ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், காலஞ்சென்ற தன் அப்பா படத்தைக் காலண்டரில் போட வேண்டும், தலையில் முடி மட்டும் கொஞ்சம் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டார்.

"அப்பாவுக்கு முடி இருந்துச்சா?"

"கல்யாணத்தப்ப இருந்துச்சு."

"அப்பக் கல்யாணப் படத்தக் குடுங்க. இந்தப் படத்துல இல்லாத முடிய நாம எங்கன போய் வாங்குறது?"

அந்த ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டது. சொந்தக்காரர்கள் பெண் பார்க்கப் போகும்போது, அவர் வீட்டைத் தாண்டிச் செருப்புச் சத்தம் கேட்காமல் போவார்கள் என்று சொல்வார்கள். கூட வந்தால் மாப்பிள்ளைக்கு எத்தனை பல் கட்டியது என்று சபையில் எண்ணிச் சொல்லிவிடுவார்.

படம் எடுப்பதிலும் அதே கண்டிப்பு. ஒரு கோயிலில் லிங்கத்துக்குப் பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட் கிடந்தது. எனக்கு மனசு பதறிக் குனிந்து எடுத்துவிட்டேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, சாமி சன்னதில குப்பை!"

"தெரியுதுல்ல? பாக்கவனுக்கும் தெரியட்டும்."

அன்றைக்குத்தான் எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. முதலில் அவர் படம் எடுப்பார். அதுவரை நான் எதையும் தொடக் கூடாது. அவர் கேமராவைச் சுற்றி வைத்த பிறகு நான் போய்ப் பெருக்கி, ஒரு சூடம் கொளுத்திக் கும்பிட்டு வருவேன். அதற்காகவே வண்டியில் சீட்டுக்குப் பின்னால் ஒரு விளக்குமாறு போட்டு வைத்தேன். நான் பெருக்கும்போது அவர் வெளியே நின்று பீடி குடிப்பார். ஒரு நாள்கூட அந்த விளக்குமாற்றைத் தொட்டதில்லை. கும்பிட்டும் பார்த்ததில்லை. சாமி இல்லை என்கிற ஆளும் இல்லை. கேட்டால், "நான் பாக்க வந்தவன். நீ கும்பிட வந்தவன். ரெண்டு பேரும் ஒரே வேலையப் பாத்தா வண்டிய யாரு ஓட்டுறது?" என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்த நாற்பத்தேழாம் நம்பர் வந்து வாய்த்தது.

கமுதிக்குத் தெற்கே, ரோட்டை விட்டு உள்ளே, ஒரு சிவன் கோயில். கூரை முழுக்க விழுந்து, சுவரும் தூணும் மட்டும் நின்றது. அதை அவர் எடுத்த படம் எனக்கே பிடித்திருந்தது. சாயங்கால வெயில் தூண்களில் மஞ்சள் பூசின மாதிரி இருக்கும். அதைப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, கம்பெனியில் டிசைன் போடுகிற தம்பியிடம் கொடுத்தார். அந்த வருஷம் ஆல்பத்துக்கு ஒரு கோயில் படம் குறைந்தது. மேனேஜர் பார்த்தார். "புதுசா இருக்கே, கொஞ்சம் சரி பண்ணிப் போடு" என்றார்.

அந்தத் தம்பி நல்லவன், வேலைக்காரன். சரி பண்ணினான். விழுந்த கூரையைத் தூக்கி நிறுத்தினான். அரசமரத்தை எடுத்துவிட்டு, தங்கக் கலசம் வைத்தான். முன்னால் ஊருணி மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பித் தாமரை விட்டான். வாசலில் இரண்டு குத்துவிளக்கு ஏற்றினான். கம்ப்யூட்டரில் ஒரே நாளில் திருப்பணி முடித்துக் கும்பாபிஷேகமும் பண்ணிவிட்டான்.

ஆடிப் பதினெட்டு அன்றைக்கு ஆல்பத்தில் அதைப் பார்த்த அண்ணாச்சி சத்தம் போடவில்லை. முகம் கறுத்துப் போய், சாப்பிடாமல் எழுந்து போனார். பிறகு கடை கடையாக அந்த ஆல்பத்தைத்தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும்? ஒவ்வொரு கடையிலும் நாற்பத்தேழாம் பக்கம் வந்ததும், "இந்தப் படம் பொய். இந்தக் கோயிலுக்குக் கூரையே கெடையாது" என்பார். கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணாச்சி நல்லாப் பேசுறாக, அதுலயே ஆயிரம் போடுங்க" என்றார்கள். அந்த வருஷம் ஆல்பத்திலேயே அதிகம் ஓடினது நாற்பத்தேழுதான். நான் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

நாலு வருஷம் கழித்து, ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி வாசலில் ஒரு பெண்ணும் அவள் புருஷனும் வந்து நின்றார்கள். தாயில்பட்டிக்காரர்கள். இரண்டு பேரும் வெடிக் கம்பெனியில் வேலை. அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. தலையில் முடி காடு மாதிரி. கண்ணில் விழாமலிருக்க ஐந்தாறு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. அந்தப் பெண் மஞ்சள் பையிலிருந்து ஒரு காலண்டர் அட்டையை எடுத்தாள். தாள் எல்லாம் கிழித்து முடிந்து, படம் மட்டும் இருந்தது. நாற்பத்தேழு.

"சார், இந்தக் கோயில் எங்கன இருக்கு?"

விஷயம் இதுதான். அவளுக்கு இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது உண்டானபோது டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஏழு மாதம் படுத்தே கிடந்தாள். எதிர்ச் சுவரில் இந்தக் காலண்டர். வேறு பார்க்க எதுவும் இல்லை. பிள்ளை பிழைத்தால் முதல் முடி உன் வாசலில்தான் என்று அந்தப் படத்துக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது. கோயில்தான் கிடைக்கவில்லை. காலண்டர் கொடுத்த கடைக்காரருக்குத் தெரியவில்லை. போகிற கோயிலில் எல்லாம் ஐயர்களிடம் காட்டியிருக்கிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை. குழந்தைக்கு மூன்று வயது முடியப் போகிறது.

"எங்க மாமியார் குலசாமிக்கே எறக்கிருவோம்னு நிக்காக. பேன் வேற பிடுங்குது. ஆனா நான் இவருக்குத்தான சார் வாக்குக் குடுத்தேன்? பிள்ளையக் குடுத்தவருக்கு வாக்குத் தப்புனா, பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருமோன்னு ஒறக்கம் வரல."

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கூரையில்லாத கோயில்னா அந்தப் பொண்ணு மனசு ஒடிஞ்சு போகும். நம்ம காலண்டருக்கும் கெட்ட பேரு. திருச்செந்தூர்னு சொல்லி அனுப்பிவிடு. முருகன் முடி வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாமி எல்லாம் ஒன்றுதானே. ஒரு பொய்யில் ஒரு தாய் நிம்மதியாகத் தூங்குவாள் என்றால் அந்தப் பாவத்தை நான் சுமந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அதற்குள் அண்ணாச்சி டிபன் பாக்ஸும் கையுமாக அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கமுதிக்குத் தெக்க இருக்கு தாயி. ஞாயித்துக்கெளம நானே கூட்டிட்டுப் போறேன்."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில்தான் போனோம். அவள் பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய், சந்தனம் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். கோபுர வாசலில் கட்ட ஆறு முழத்துக்கு ஒரு மாலை. தெப்பக்குளத்துத் தண்ணீர் பிடித்துவர ஒரு காலி கேன். அந்தக் கேனை வாங்கி, சீட்டுக்குப் பின்னால் விளக்குமாற்றுக்கு அடியில் தள்ளி வைத்தேன். முன் சீட்டில் அண்ணாச்சி பீடியைப் பற்றவைப்பதும் அணைப்பதுமாக வந்தார்.

"கடைக்காரன்ட்ட எல்லாம் சொன்னீகள்ல, பொய்யி பொய்யின்னு. இப்பச் சொல்லுங்க" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுலே" என்றார்.

எட்டு சீசனில் உள்ளதைச் சொல்ல அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வண்டியை நிறுத்திவிட்டுக் கருவேலங்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். அண்ணாச்சி முன்னால் போனார். நின்றார். திரும்பினார். மறுபடியும் நடந்தார். கடைசியில், கோயில் தெரிகிற திருப்பத்துக்கு முன்னால், வழியை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"தாயி, ஒண்ணு சொல்லிருதேன். படத்துல இருக்க மாதிரி இருக்காது."

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு சிரித்தாள். "படத்துல இருக்க மாதிரி யாருண்ணே இருக்கா? எங்க கல்யாண ஆல்பத்துல நான் நல்ல செகப்பால்ல இருக்கேன்."

அண்ணாச்சி விலகி வழிவிட்டார்.

அவள் பார்த்தாள். கூரை இல்லை. கலசம் இல்லை. தாமரை இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த பள்ளமும் எருமைத் தடமும். சன்னதியில் ஒரு லிங்கம், வெயிலில். எதிரே மூக்கில்லாத நந்தி. புருஷன்காரன், "ஏட்டி, இதா? இதுக்கா இம்புட்டுத் தூரம் அலைஞ்சோம்?" என்று என் பக்கம் திரும்பி முறைத்தான். நான் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் அட்டையை எடுத்துத் தூக்கிப் பிடித்து, கோயிலையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, விறுவிறுவென்று இடது பக்கம் மூன்றாவது தூணுக்குப் போனாள். குனிந்து, தூணின் அடியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் சுரண்டினாள்.

"இங்கன ஒரு கிளி இருக்கும். ஒத்தக் கால்ல நிக்கும்" என்றாள்.

இருந்தது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு கல் கிளி. படத்தில் அது இருப்பதே எனக்குத் தெரியாது. திருப்பணி பண்ணின தம்பிக்கும் தெரிந்திருக்காது, அதனால்தான் அதைத் தொடாமல் விட்டிருக்கிறான். அண்ணாச்சிக்குத் தெரியுமா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்துகொண்டு நின்றார். ஏழு மாதம் அசையாமல் படுத்துக்கொண்டு பார்த்தவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

அவள் எழுந்து லிங்கத்துக்கு முன்னால் வந்து நின்றாள். கும்பிடவில்லை. வீட்டு மனிதரிடம் கோபித்துக்கொள்கிற மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஏழு மாசமா என் கஷ்டத்தையே சொல்லிக்கிட்டுக் கெடந்தேனே. உனக்குத் தலைக்கு மேல ஒரு கூரை இல்லைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையே."

அதற்குப் பிறகுதான் அழுதாள். அவள் புருஷன் முறைப்பதை விட்டுவிட்டுத் தலையிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். மூளியான சாமி, பின்னப்பட்ட சாமி என்று நான் இத்தனை வருஷம் பேசினதை எல்லாம் நினைத்து எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"அண்ணே, விளக்குமாறு ஏதும் இருக்கா?" என்று கேட்டாள்.

நான் ஓடிப்போய் வண்டியிலிருந்து எடுத்து வந்தேன். பழக்கதோஷத்தில் அண்ணாச்சியைப் பார்த்து நின்றேன். முதலில் அவர் படம் எடுக்க வேண்டுமே! அவர் என் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஆட்டுப் புழுக்கையிலிருந்து வாசல் வரைக்கும் அவரே பெருக்கினார். கருவேலஞ்செடியைப் பிடுங்கும்போது உள்ளங்கையில் முள் ஏறியது. கேமரா துண்டுக்குள்ளேயே இருந்தது. பெருக்குவதற்கு முன்னால் அந்தக் கோயில் அன்றைக்கு எப்படி இருந்தது என்று காட்ட, அவரிடம் ஒரு படமும் இல்லை.

முடி இறக்குகிறவர் கோயிலிலேயே இருப்பார் என்று அவள் நம்பி வந்திருந்தாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய், சலூன்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன். என் வண்டியிலிருந்த தண்ணீர் கேன்தான் தெப்பக்குளம். கல் கூட்டிப் பானை ஏற்றியாயிற்று. சலூன்காரர் புது பிளேடைப் பிரித்துக்கொண்டு, "தாய்மாமன் யாரு? மடியில வச்சு உக்காருங்க" என்றார்.

அவள் முகம் சுண்டிவிட்டது. "எனக்குக் கூடப் பெறந்தவுக யாரும் இல்ல" என்றாள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தாள். "அண்ணே, இந்தச் சாமிய என் வீட்டுக்குக் கூட்டியாந்தது நீங்கதான. நீங்க உக்காருங்க."

"நான் இல்ல தாயி. கம்ப்யூட்டர்ல ஒரு தம்பி கூரையப் போட்டு..." என்று அவர் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தார். நான் அவர் விலாவில் ஒரு குத்து விட்டேன். உட்கார்ந்துவிட்டார்.

நந்திக்கு முன்னால் சம்மணம் போட்டு, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, என்னிடம் துண்டு மூட்டையை நீட்டினார். "ஏலே, எடு."

"நானா?"

"வேற ஆடா எடுக்கும்?"

நான் அதுவரை ஒரு படமும் எடுத்ததில்லை. எதையோ அமுக்கினேன். குழந்தை வீறிட்டு அழுதது. முடி கற்றை கற்றையாக அண்ணாச்சி வேட்டியில் விழுந்தது. குழந்தை கழுத்தில் விழுந்ததை ஊதிவிட்டார். தன் மேல் விழுந்ததைத் தட்டவே இல்லை. கண் ஓரத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். புகை என்றார். பானை அந்தப் பக்கம் இருந்தது, காற்றும் அந்தப் பக்கம்தான் அடித்தது. உள்ளதைச் சொல்கிற அண்ணாச்சி என் காதறியச் சொன்ன ஒரே பொய் அதுதான். ஆறு முழ மாலையை லிங்கத்துக்கு நாலு சுற்றுச் சுற்றிப் போட்டோம். மாலை போட்டதும் அது எந்தக் கோயில் சாமிக்கும் குறைச்சலாகத் தெரியவில்லை.

அந்தக் குடும்பம் இப்போதும் வருஷம் ஒரு தடவை அங்கே போய்ப் பொங்கல் வைக்கிறது. வெடிக் கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து, சாமிக்கு மேலே நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணாச்சி போய்ப் பார்த்துவிட்டு, "வெளிச்சத்தையே மறைச்சுட்டாக, இனி ஒரு படமும் எடுக்க முடியாது" என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். மறுநாள் தகரத்தோடு சேர்த்துப் படம் எடுத்தார். இப்போது அவர் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போன் போட்டால், அந்தப் பக்கத்துக் கோயில்கள் எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன என்று குறைப்பட்டுக்கொள்கிறார்.

நான் எடுத்த படத்தை அவர் பிரிண்ட் போட்டு எனக்கு ஒன்று கொடுத்தார். கோணல். அவர் தலையில் பாதியைக் காணோம். ஓரத்தில் என் கட்டைவிரல் பெரிதாக, பூசணிக்காய் மாதிரி விழுந்திருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

"டிசைன் போடுற தம்பிகிட்டக் குடுத்து விரல எடுத்துருவோமா அண்ணாச்சி?"

"ஏன்? விரலு அங்கன இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்ப இருக்கட்டும்."

பயந்துகொண்டேதான் வீட்டுக்குக் கொண்டு போனேன். என் வீட்டுக்காரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாமிக்கு மாலை, மடியில் பிள்ளை, பின்னால் நந்தி. மூக்கு போன நந்தி முகத்தை என் கட்டைவிரல் அப்படியே மறைத்திருந்தது. "இதுல ஒரு மூளியும் இல்லையே" என்று சொல்லி, அவளே ஆணி தேடிப் பூசை மாடத்தில் மாட்டினாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல், நந்திக்கு என்று நினைத்துக்கொண்டு, என் கட்டைவிரலுக்குக் குங்குமம் வைத்து வருகிறாள்.